கூரை வாங்கத் திருவண்ணாமலைக்கு

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் சாமி கும்பிடப் போவார்கள், மலையைச் சுற்றி வரப் போவார்கள். நான் ஒரு பழைய ஜீப்பின் கூரையை வாங்கப் போனேன். விசா படிவத்தில் பயணத்தின் நோக்கம் கேட்டிருந்தார்கள். கூரை என்று எழுதக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா எழுதியதைப் பார்த்து 'கோயில்' என்று எழுதிவிட்டேன்.

நான் மலேசியாவில் கேமரன் மலையில் மெக்கானிக். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்ததோடு சரி. எங்கள் மலையில் வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன ஜீப்புகள் இன்றும் முட்டைக்கோஸ் சுமந்து ஓடுகின்றன. நான்கு சக்கரமும் இழுக்கும், சேற்றில் மாட்டாது. என் தவுக்கேயின் அப்பாவிடம் பத்துப் பேர் உட்காரும் மூடிய வேகன் ஒன்று இருந்தது. (சீன முதலாளியை நாங்கள் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம்.) கூடைகளை உயரமாக அடுக்க வேண்டும், கூரையை வெட்டு என்றார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அரை நாளில் துண்டு துண்டாக வெட்டி எடுத்தேன். சந்தோஷப்பட்டு ஒரு கோழி கொடுத்தார்.

தொண்ணூறுகளில் காலம் மாறியது. இந்த வண்டிகளைச் சேகரிக்கும் ஆட்கள் கிளம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் கூடுவார்கள். நல்ல சட்டை போட்ட டாக்டர்களும் வக்கீல்களும் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சேசிஸ் நம்பரை டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். புதுப் பெயின்ட் அடித்தால் விலை இறங்கும். கம்பெனியில் அடித்த பெயின்ட் வெளுத்துப்போய் அப்படியே இருந்தால் ஏறும். ஒருவர் பழைய ஜாக்கியின் கைப்பிடிக்கு மட்டும் என் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். தவுக்கேயின் வேகனில் எல்லாம் அசல், கூரை மட்டும் இல்லை. அதுவும் சாதாரணக் கூரை இல்லை. வெயில் நாட்டுக்கென்று செய்த இரட்டைக் கூரை. தகட்டுக்கு மேல் விரல் நுழையும் இடைவெளி விட்டு இன்னொரு தகடு, ஓரத்தில் வானம் பார்க்கும் சின்னக் கண்ணாடிகள். அதை வெட்டியவன் நான். தவுக்கே என்னைத் திட்டியதில்லை. ஆனால் வண்டியைப் பார்க்க யார் வந்தாலும், "கூரை எங்கே என்று இவனைக் கேளுங்கள்" என்று சிரித்துக்கொண்டே என்னைக் காட்டுவார். பத்து வருடமாகக் காட்டினார்.

பிறகு சேகரிப்பாளர்களின் பத்திரிகை ஒன்றில் யாரோ பயணி எடுத்த படம் வந்தது. திருவண்ணாமலையில் மலை சுற்றும் பாதையில், அடி அண்ணாமலை என்ற ஊரில், ஒரு புளியமரத்தடியில் அதே மாடல் வேகன். அதே இரட்டைக் கூரை. தவுக்கே டிக்கெட் எடுத்து என் கையில் கொடுத்தார். "கீறல் இல்லாமல் கொண்டு வா, மணியம். இனிமேல் உன்னைக் காட்ட மாட்டேன்" என்றார்.

திங்கட்கிழமை காலையில் ஊருக்குள் இறங்கினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டேன். எங்கள் ஊரில் பரோட்டா மாதிரி இருக்கும் ரொட்டி சானாய்க்குப் பருப்புக் குழம்பை ஊற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். இங்கே நான் வாயே திறக்கவில்லை, நான்கு வாளிகள் வந்து என் இலையில் தாமாகக் கவிழ்ந்தன. என்னைப் போன்ற ஆளுக்கு ஏற்ற ஊர் என்று நினைத்தேன். காபி மட்டும் சின்ன டம்ளர். மலேசியாவிலிருந்து வருகிறேன் என்றதும் கல்லாவில் இருந்தவர், தாத்தா பிறந்த ஊரைத் தேடி வந்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அடுத்த நான்கு நாளும் எல்லோரும் இதையே கேட்டார்கள், எல்லோருக்கும் தலையாட்டினேன். அது சுலபமாக இருந்தது.

அடி அண்ணாமலைக்குப் போகும் டவுன் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறது என்பது சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. ஒரு ஸ்பானரும் ஐந்து நிமிடமும் போதும். டிரைவர், கண்டக்டர், பயணிகள் என்று ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவே புகுந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முக்கால் மணி நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு பூக்காரம்மா, "காத்து பூந்துருக்கும், அவுத்து வுட்டுப் பாருய்யா" என்றார். பஸ் கிளம்பியது.

வண்டி படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. சக்கரம் இல்லை, செங்கல் அடுக்கின் மேல் நின்றது. பின்கதவைத் திறந்து வைத்து ஒரு பெண் உள்ளே குனிந்தபடி போண்டா போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பேர் மல்லிகா என்று பிறகு தெரிந்தது. தன் நாட்டிலிருந்து தரை வழியாகவே ஓட்டி வந்த ஒரு வெள்ளைக்காரர், மலையடிவாரத்தில் சில காலம் இருந்துவிட்டு, சமையல் செய்து போட்ட இவள் புருஷனிடம் வண்டியை விட்டுவிட்டு விமானத்தில் போய்விட்டாராம். புருஷன் இப்போது பெங்களூருக்கு வேன் ஓட்டுகிறார். வண்டி இவளுக்குக் கடை.

கூரையைச் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு நசுங்கல் இல்லை. ஓரக் கண்ணாடி நான்கும் முழுசு. வெளுத்த அசல் வெள்ளைப் பெயின்ட்.

வந்த விஷயத்தை உடனே சொல்லியிருக்க வேண்டும். ஒரு டீ குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஐந்து டீ ஆனது. சும்மா நிற்பதற்குப் பதில் வேலையைப் பார்க்கலாமே என்று பையிலிருந்து டேப்பை எடுத்துக் கூரையின் நீளம் அகலம் எல்லாம் அளந்து நோட்டில் எழுதினேன். மல்லிகா கரண்டியோடு பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் கேட்காமலே ஒரு தட்டு போண்டா வந்தது. பிறகு சுக்குக் காபி. பிறகு நாற்காலி. காசு கொடுத்தபோது, "வாணாம் சார், நீங்க பாத்து எழுதினா போதும்" என்றாள். இந்த ஊர் மக்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று வியந்துகொண்டு, நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஷேர் ஆட்டோவில் பதினோரு பேரில் ஒருவனாக மறுபடி போய் இறங்கினேன். வண்டியைக் காணவில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, வண்டி அங்கேதான் இருக்கிறது, கோயிலாகிவிட்டது.

சுற்றி வேப்பிலைத் தோரணம். பக்கவாட்டில் செம்மண்ணும் சுண்ணாம்பும் மாறி மாறிப் பட்டை. முன் கண்ணாடிக்குள் மஞ்சள் துணி கட்டிய கல், அதற்குப் பெரிய குங்குமப் பொட்டு. எஞ்சின் மூடியின் மேல் கற்பூரம் எரிந்தது. மலை சுற்றி வந்த நான்கைந்து பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் போண்டாக் கடை வழக்கம்போல நடந்தது. கூரையின் நடு உச்சியில், நட்டும் வாஷரும் வைத்து முறுக்கி, ஒரு சூலம் நின்றது.

எனக்கு அந்தச் சூலம் நெஞ்சில் குத்தியது போல இருந்தது. இரண்டு தகட்டையும் துளைத்துத்தான் அதை நிறுத்தியிருக்க முடியும்.

மல்லிகா கைகூப்பிக்கொண்டு வந்தாள். "ராத்திரி கனவுல அம்மன் வந்துச்சு சார். இங்கதான் இருப்பேன்னுச்சு. நாங்க இன்னா பண்றது, சொல்லுங்க. இனிமே இத எடுக்கணும்னா நீங்க அம்மனத்தான் கேக்கணும்." அவள் பின்னால் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் நின்றார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாதையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று அந்தப் பக்கம் ஒரு பேச்சு இருந்திருக்கிறது. பேசாமல் வந்து, டேப்பைப் போட்டு அளந்து, நோட்டில் எழுதிக்கொண்டு போன என்னை, கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்த ஆள் என்று நினைத்துவிட்டார்கள். கடையைத்தான் அகற்றுவார்கள், சாமியை யாரும் தொட மாட்டார்கள். ஒரே இரவில் கோயில் கட்டிவிட்டார்கள். கல்லுக்கு ஒருவர், துணிக்கு ஒருவர், தேங்காய்க்கு ஒருவர் என்று தெருவே சேர்ந்திருக்கிறது.

பத்து ஜோடிக் கண்களுக்கு முன்னால் பேசுவது எனக்குப் பஸ் டிரைவரிடம் பேசுவதைவிடக் கஷ்டம். ஆனால் வேறு வழியில்லை. நான் ஆபீசர் இல்லை, மெக்கானிக், மலேசியா, கூரையை விலைக்குக் கேட்க வந்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அத்தாட்சியாக நகக்கண்ணில் இருந்த கிரீஸைக் காட்டினேன்.

மல்லிகா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஐஞ்சு டீ குடிச்சியே, அப்ப சொல்றதுக்கு இன்னா?" என்றாள். சார் போய்விட்டது. "பொழப்பு போச்சுனு பொட்டுத் தூக்கம் இல்ல. எங்க வூட்டுக்காரருக்கு பெங்களூருக்கு போன் போட்டு அழுதேன்யா. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா அம்மன் வந்துருக்குமா?"

அவள் சொன்னது நியாயம். தலை குனிந்து நின்றேன். பின்னால் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் மல்லிகாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

விலை கேட்டாள். தவுக்கே சொல்லி அனுப்பிய தொகையை அப்படியே சொன்னேன். எனக்குப் பேரம் பேச வராது. அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. பழைய தகட்டுக்கு இவ்வளவா, உள்ளே தங்கம் ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு பேர் ஏறித் தட்டிப் பார்த்தார்கள். மல்லிகாவுக்கு ஆசை இருந்தது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தலையாட்டினாள். "சாமினு சொல்லி கற்பூரம் காட்டியாச்சு. காலைல ஒரு அம்மா பொண்ணுக்குக் கல்யாணம் ஆவணும்னு மஞ்சக் கயிறு கட்டிட்டுப் போச்சு. அத மொட்டையா நிக்க வக்க முடியாது. வெள்ளிக்கெழம பௌர்ணமி வேற."

எனக்குச் சனிக்கிழமை விமானம்.

கூட்டத்தில் ஒருவர் முன்னால் வந்தார். கரீம் பாய். வேங்கிக்காலில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். சூலத்தைப் பொருத்தியதும் அவர்தான். ஊரில் டிரில் மெஷின் இருப்பது அவரிடம் மட்டும்தான். "பெரிய கோயில்லயே வேல நடக்கணும்னா சாமிய ஒரு கொடத்துல எறக்கி வச்சிட்டுத்தான பண்றாங்க" என்றார். "தேருக்கு இரும்பு வேல செஞ்சவன், எனக்குத் தெரியாதா? கல்ல எடுத்துக் கொடத்துப் பக்கத்துல வைம்மா. கூரைய எடுத்துடலாம். புதுக் கூர ரெண்டு நாள்ல நான் கட்டித் தரேன். பௌர்ணமிக்கு அம்மன் புது வூட்ல."

மல்லிகா யோசித்தாள். திருப்பணி என்று சொன்னால் யாரும் குறை சொல்ல முடியாது. "கூர எவ்ளோ ஒசரம் வைப்ப பாய்?" என்று கேட்டாள்.

"எவ்ளோ வேணும்?"

"நான் நிமுந்து நிக்கணும். பன்னண்டு வருசமா குனிஞ்சே போண்டா போடறேன். முதுகு ஒட்டகமாயிடுச்சு."

புதன்கிழமை காலை, மஞ்சள் துணி கட்டிய கல்லை ஒரு செம்புக் குடத்தின் பக்கத்தில் வைத்து, புளியமரத்தடிக்கு மாற்றினார்கள். நான் கூரையை இறக்கினேன். இருபது வருடத்துக்கு முன் உளியும் ரம்பமும் வைத்து வெட்டினேன். இந்த முறை ஒவ்வொரு போல்ட்டாகத் தேங்காய் எண்ணெய் விட்டு, அரை மணி ஊற வைத்து, கையாலேயே கழற்றினேன். முப்பத்திரண்டு போல்ட். ஒன்றுகூட முறியவில்லை. நான்கு பேர் தூக்கி வைக்கோல் மேல் வைத்தார்கள்.

அந்த இரண்டு நாளும் கரீம் பாயின் பட்டறையில்தான் கிடந்தேன். ஆங்கிள் வளைப்பதிலும் ரிவெட் அடிப்பதிலும் எனக்குப் பேச்சு தேவைப்படவில்லை. அவர் கையை நீட்டினால் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, நான் நீட்டினால் அவருக்குத் தெரிந்தது. மத்தியானம் அவர் வீட்டிலிருந்து தால்சாவும் சோறும் வந்தது. எங்கள் ஊரில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் சாப்பிட்டதைவிடப் புளிப்பு கம்மி, காரம் ஜாஸ்தி. ரெண்டு தட்டு சாப்பிட்டேன். எங்களிடம் மீ கோரெங் என்று வறுத்த நூடுல்ஸ் ஒன்று இருக்கிறது என்று அவருக்கு விவரித்தேன். சேமியாவை வறுப்பீங்களா என்று பரிதாபமாகப் பார்த்தார்.

சூலத்தைக் கழற்றியபோது ஓட்டை தெரிந்தது. சுண்டுவிரல் நுழையும் அளவு. மேல் தகட்டில் ஒன்று, கீழ்த் தகட்டில் ஒன்று, நேர்கோட்டில். சுத்தமான வேலை. பாய்க்கே அதில் பெருமை. "அடைச்சுடலாம்ணா. ஒரு மணி நேரம். பெயின்ட்டையும் வெளுத்த கலருக்கே கலந்து தரேன். போட்ட எனக்கே எங்கனு தெரியாது" என்றார்.

அவரால் முடியும். என்னாலும் முடியும். தவுக்கே கீறல் இல்லாமல் கேட்டார். அடைத்துவிட்டால் கீறல் இல்லை. ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது எனக்குக் கைவந்த வேலை. புதன் இரவு லாட்ஜில் அதையே நினைத்துப் புரண்டேன். சும்மா இருந்ததால்தானே அந்த ஓட்டையே வந்தது. வேண்டாம் பாய், அப்படியே இருக்கட்டும் என்று மறுநாள் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

வெள்ளிக்கிழமை காலையில் புதுக் கூரையை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியில் ஆட்டு மந்தை ஒன்று, பிறகு பஞ்சர் ஒன்று. பத்து மணிக்குப் பூட்டினோம். லாரிக்குக் கட்டுவது போலவே பாய் கட்டியிருந்தார். நெற்றியில் வளைவு, ஓரத்தில் மயில், பின்னால் 'ஹாரன் அடிக்கவும்'. பழக்கத்தில் எழுதிவிட்டாராம். மல்லிகா அதை அழிக்க விடவில்லை, ஆள் வந்தால் கூப்பிடட்டுமே என்றாள். அம்மனை உள்ளே வைத்து, சூலத்தைப் புது உச்சியில் நிறுத்தி, தேங்காய் உடைத்தார்கள். பிறகு மல்லிகா பின்பக்கம் ஏறி, அடுப்பு முன்னால் நின்றாள். பழக்கத்தில் குனிந்தாள். பிறகு ஞாபகம் வந்து, மெதுவாக நிமிர்ந்தாள். தலைக்கு மேல் ஒரு சாண் மிச்சம் இருந்தது. கையைத் தூக்கித் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். எண்ணெயில் முதல் போண்டாவைப் போட்டாள்.

மத்தியானத்துக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்கள் தைப்பூசக் கூட்டத்தை நான் பெரிதென்று நினைத்திருந்தேன். அது ஒரு நாள் கூட்டம். இவர்களுக்கு மாதா மாதம் தைப்பூசம். "இது எந்த அம்மன்மா?" என்று ஒரு சென்னைக்காரர் கேட்டது காதில் விழுந்தது. "வழித்துணை அம்மன்" என்று மல்லிகா யோசிக்காமல் சொன்னாள். அவர் கும்பிட்டுவிட்டு நான்கு டீ வாங்கினார்.

பழைய கூரையை வைக்கோல் சுற்றித் துறைமுகத்துக்குப் போகும் சின்ன லாரியில் ஏற்றிவிட்டு, எதிரில் இருந்த டெலிபோன் பூத்துக்குப் போனேன். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடத் தொடங்கின. அங்கே தவுக்கே எடுத்தார்.

கூரை கிடைத்தது என்றேன். அவர் மூச்சு விடுவது கேட்டது. ஒரு ஓட்டை இருக்கிறது என்றேன். மூச்சு நின்றது. பிறகு டேப், ஐந்து டீ, அம்மன், சூலம் எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்நாளில் போனில் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. தப்பு என்னுடையது, வாயைத் திறந்திருந்தால் ஓட்டை விழுந்திருக்காது என்றும் சொன்னேன். அடைத்துக் கொண்டு வந்திருக்க முடியும், அடைக்கவில்லை என்றும் சொன்னேன்.

மீட்டர் மட்டும் ஓடியது. பிறகு தவுக்கே சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். "கோயில் கூரை!" என்றார். "ஈப்போவில் யாரிடமும் இல்லை. மணியம், அந்தச் சூலத்தையும் வாங்கி வா. ஓட்டைக்குப் பொருத்தமாக அதே சூலம் வேண்டும். என்ன விலை கேட்டாலும் கொடு."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். புதுக் கூரையின் மேல் சூலம் நின்றது. யாரோ அதில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தார்கள். ஒரு அப்பா தன் குழந்தையைத் தூக்கி அதைக் காட்டிக்கொண்டிருந்தார். கீழே மல்லிகா நிமிர்ந்து நின்று இரண்டு கையாலும் போண்டா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கேட்டால் ஒருவேளை கொடுத்துவிடுவாள். பாய் அதே போல இன்னொன்று செய்து தந்துவிடுவார். எனக்கு எல்லாம் தெரிந்தது. இருபது வருடமாகத் தவுக்கே சொன்னதற்கெல்லாம் நான் சரி என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அவர் அப்பாவுக்கும் அதையேதான் சொன்னேன்.

"அது விற்பனைக்கு இல்லை, தவுக்கே" என்றேன்.

"கேட்டுப் பார்த்தாயா?"

"இல்லை. கேட்க மாட்டேன்."

மீட்டரில் இரண்டு எண் ஓடியது. என் காது சூடாகிவிட்டது.

"சரி" என்றார் தவுக்கே. "கூரையை மட்டும் கொண்டு வா. ஓட்டை எப்படி வந்தது என்று ஈப்போவில் கேட்பார்கள். அதை நீதான் சொல்ல வேண்டும்."

சொல்கிறேன் என்றேன்.